பலகையில் இரண்டு பெயர்

அர்கிரோலிம்னி
4 நவம்பர் 1998

மதிப்புக்குரிய ஸஃபீரா ஸ்வோலி அம்மையாருக்கு,

ஒரே ஊரில், இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு தபாலில் எழுதுவது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். நேரில் வந்தால் என் குரல் உயரும். என் இதயத்துக்கு அது ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குள், உங்கள் ஜெபக்கூடத்தை ஒட்டிய கட்டடத்தில், இந்த ஊர் யூதர்களின் வரலாற்றுக்கும் அவர்கள் அழிக்கப்பட்டதற்குமான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மேயர் வந்தார், ஆயர் வந்தார், பேண்டு வாசித்தார்கள். நான் வரவில்லை. என் மருமகள் திமித்ரா வந்திருந்தாள். வீடு திரும்பியவள் சாப்பாட்டு மேஜையில் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. என்னம்மா என்று கேட்டேன். "மாமா, அங்க சுவத்துல நம்ம குடும்பப் பேரு இருக்கு" என்றாள். முதலில் சந்தோஷப்பட்டேன். ஐம்பது வருடத்துக்கு மேல் இந்த ஊருக்குத் துணி விற்ற குடும்பம் எங்களுடையது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

போன வருடம் நான் கடையை விற்றேன். வாங்கியவர்கள் அதை இடித்தார்கள். பழைய பெயர்ப்பலகை குப்பையோடு தெருவில் கிடந்தது. அதை யாரிடமும் கேட்காமல் நீங்கள் எடுத்துப் போயிருக்கிறீர்கள். பெயிண்டைச் சுரண்டி, என் தகப்பனார் பெயருக்கு அடியிலிருந்து உங்கள் தகப்பனார் பெயரை வெளியே கொண்டுவந்து, இரண்டும் பாதிப் பாதி தெரியும்படி சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். கீழே ஓர் அட்டை. திமித்ரா மனப்பாடமாகவே ஒப்பித்தாள்: "நாஹூம் ஸ்வோலிஸின் துணிக்கடை. 1944 மார்ச்சில் ஜெர்மானியர் அவரையும் குடும்பத்தையும் கொண்டுபோன பின், லாம்ப்ரோஸ் பலாஸ்கஸ் இதைப் பறித்துக்கொண்டார்."

பறித்துக்கொண்டார்! என் தகப்பனாரிடம் முத்திரை குத்திய அரசாங்கக் காகிதம் இருந்தது. அதில் இருந்த சொல் "பொறுப்பாளர்". இறந்துபோன மனிதரால் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது என்ற தைரியத்தில் எழுதப்பட்டது அந்த அட்டை.

பலகையை இறக்குங்கள். இல்லை, சொல்லையாவது மாற்றுங்கள். இரண்டும் இல்லையென்றால் வக்கீலிடம் போவேன். இந்தக் கடிதத்தின் நகலை நகரசபைக்கும் அனுப்பியிருக்கிறேன். உங்கள் தம்பி மொய்சிஸும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அந்த உரிமையில்தான் முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

அரிஸ்திதிஸ் பலாஸ்கஸ்


7 நவம்பர் 1998

அரிஸ்திதிஸ்,

மரியாதையாக "நீங்கள்" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா மறுத்துவிட்டது. எங்கள் அடுப்படியில் மொய்சிஸோடு உட்கார்ந்து, அம்மா சுட்ட கீரை அடையைச் சூடு ஆறும் முன்னே பிய்த்துத் தின்று வாயைச் சுட்டுக்கொண்டு அழுத பையனை நான் எப்படி "நீங்கள்" என்பது?

"யாரிடமும் கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறீர்கள்." இந்த வரியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் காப்பி மேஜையெல்லாம் கொட்டிவிட்டது. நீயே ஒருமுறை அதைச் சத்தமாகப் படித்துப் பார். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை பேரோடு மல்லுக்கட்டினேன் தெரியுமா? மேயர் அலுவலகத்துப் பெண் "கைமாறியது என்று போடலாமே" என்றாள். "கைமாற அது என்ன உப்பு ஜாடியாம்மா?" என்று கேட்டேன். ஏதென்ஸிலிருந்து வந்த நிபுணர், நல்ல மனிதர், மெல்லிய குரல், "கடை பின்னர் வேறொருவரால் நடத்தப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தார். "அந்த வேறொருவருக்குப் பேர் இல்லையா சார்? ஞானஸ்நானம் ஆகலையா?" என்றேன். அதோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பிறகு நானே எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கற்ற கிரேக்க மொழியில், யாருக்கும் அகராதி தேவைப்படாத சொல்லாகப் பார்த்து எழுதினேன்.

பலகை இறங்காது. சொல் மாறாது. வக்கீலை அனுப்பு, நானே சுற்றிக் காட்டுகிறேன். கட்டணம் கிடையாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ இன்னும் உள்ளே காலே வைக்கவில்லை. மருமகள் கண்ணால் பார்த்துவிட்டு என்னோடு சண்டை போடுகிறாய். வந்து பார். பிறகு சண்டை போடு. அதற்கு நான் தயார்.

ஸஃபீரா


25 நவம்பர் 1998

ஸஃபீரா அம்மையாருக்கு,

உங்கள் கேலிக்குக் கேலியால் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. நான் வியாபாரி. கஜம் போட்டு அளந்த பேச்சுதான் வரும்.

1941 பஞ்சத்தில் என் தகப்பனார் ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழுந்த மனிதர். எங்கள் வீட்டில் ஒரு குழந்தை செத்தது. உங்களைக் கொண்டுபோனது ஜெர்மானியர்கள். லாரியும் அவர்களுடையது, துப்பாக்கியும் அவர்களுடையது. மறுநாளே கடைகளை உடைக்க ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்று அரசாங்கக் கமிட்டி முடிவு செய்தது. என் தகப்பனார் ஏற்றார். அவர் ஏற்காவிட்டால் அங்கே ஒரு கஜத் துணிகூட மிஞ்சியிருக்காது. சண்டை முடிந்து நீங்கள் தனியாகத் திரும்பி வந்தபோது, குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற உங்களுக்கு ஒரு நல்ல கம்பளிக் கோட்டைக் கொடுத்து அனுப்பியவரும் அவரேதான். எங்கள் வீட்டில் இதை எத்தனையோ ஈஸ்டருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கோட்டைப் பற்றி உங்கள் அட்டையில் ஒரு வரி உண்டா?

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இது என் ஏற்பாடு அல்ல. "ஊரில் சர்ச்சை இருக்கும் வரை" பள்ளிக் குழந்தைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போக வேண்டாம் என்று நகரசபை பள்ளிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நீங்கள் ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். ஒரே ஒரு சொல்.

அரிஸ்திதிஸ் பலாஸ்கஸ்


2 டிசம்பர் 1998

அரிஸ்திதிஸ்,

கோட்டுப் பேச்சை நீயே இழுத்தாய். கேள்.

எனக்குக் காய்ச்சல் என்று மலைமேல் இருந்த பால்காரி வீட்டுக்கு அம்மா என்னை அனுப்பிவைத்தாள். மொய்சிஸையும் அனுப்பச் சொல்லிப் பால்காரி கெஞ்சினாள். "சின்னவன் என்னை விட்டு இருக்கமாட்டான்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அதற்கு அடுத்த வாரம் லாரிகள் வந்தன. சண்டை முடியும் வரை நான் சோஃபியா என்ற பெயரில் ஆடு மேய்த்தேன். பால்காரியின் படம் அருங்காட்சியகத்தில் முதல் அறையில் இருக்கிறது. பெயரோடு, ஊரோடு. பேரை மறைத்து எழுதும் பழக்கம் எனக்கு நல்லவர்கள் விஷயத்திலும் கிடையாது.

கீழே இறங்கி வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. நேராக அப்பா கடைக்குத்தான் போனேன். வேறு எங்கே போவேன்? பலகையில் வேறு பெயர். உள்ளே உன் அப்பா.

"யாரு நீ?"

"நாஹூமோட பொண்ணு."

உள்ளே திரும்பி, துணி மடித்துக்கொண்டிருந்தவனிடம் சொன்னார்: "பார்றா, ஜெர்மன்காரங்க எல்லாரையும் கொன்னு, கொழுப்ப எடுத்து சோப்பாக்கிட்டாங்கன்னு சொன்னாங்க. இது மட்டும் எப்படித் தப்பிச்சு வந்துச்சு?"

சிரித்தார்கள். நான் போகவில்லை. கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாடிக்கையாளர்கள் என்னைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள். மதியம் உன் அம்மா பின்பக்கமாக வந்து ஒரு கோட்டை என் மடியில் போட்டாள். "எந்திரிச்சுப் போயிரும்மா, அவரு கோவக்காரரு" என்றாள். போட்டுக்கொண்டேன். காலரைத் திருப்பிப் பார்த்தேன்.

அது என் அம்மாவின் கோட்டு, அரிஸ்திதிஸ். பல் முளைக்கும்போது மொய்சிஸ் அந்தக் காலரைக் கடித்துக் கடித்து நூல் பிரிந்திருந்தது. அம்மா அதைப் பச்சை நூலால் தைத்திருந்தாள். வீட்டில் கறுப்பு நூல் இல்லாத நாள் அது.

நீ கேட்ட வரியை எழுதலாம். எழுதட்டுமா? "நாஹூமின் மகளுக்கு அவள் அம்மாவின் கோட்டையே தானமாகக் கொடுத்தார்கள்." அட்டையில் இடம் இருக்கிறது. நீ சொல்.

பள்ளிக்கூட விஷயம். தகவலுக்கு நன்றி. நேற்று பள்ளி விடும் நேரத்துக்குப் போய் வாசலில் நின்றேன். "இன்னைக்கு அருங்காட்சியகம் திறந்திருக்கு, வர்றவங்களுக்கு லுகுமி மிட்டாய் உண்டு!" என்று தக்காளி விற்பவள் மாதிரி கத்தினேன். தலைமையாசிரியை ஓடி வந்தாள். "அத்தை, என் வேலைக்கு உலை வைக்கிறீங்களே!" என்றாள். "நீ கூட்டிட்டு வராதேன்னுதானே சொன்னாங்க? அதுங்களுக்குக் கால் இருக்குல்ல?" என்றேன். தாய்மார்களோடு கொஞ்சம் பேர் வந்தார்கள். லுகுமிக்காகத்தான் வந்தார்கள், அதனால் என்ன? வாயில் மிட்டாயோடு எல்லாவற்றையும் படித்தார்கள்.

ஒரே ஒரு சொல் என்கிறாய். எங்களிடமிருந்து போனதில் நான் திருப்பிக் கேட்பதும் அந்த ஒரே ஒரு சொல்தான்.

ஸஃபீரா


20 டிசம்பர் 1998

ஸஃபீரா அம்மையாருக்கு,

அட்டையில் அந்த வரியை எழுத வேண்டாம். கோட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. என் தாயார் அப்படிச் செய்பவள் அல்ல. ஐம்பது வருடம் ஆகிவிட்டது, ஒரு கோட்டு இன்னொரு கோட்டாக மாறித் தெரிந்திருக்கலாம்.

நான் வந்தேன். உங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை மழையில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்களே, அவர்களுக்கு நடுவில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நுழைந்தேன். நீங்கள் அவர்களில் ஒருவரோடு சத்தமாகத் தர்க்கம் செய்துகொண்டிருந்தீர்கள். "பாவம் என்று சொல்லாதீங்க, நாங்க பாவம் இல்ல, எங்களக் கொன்னாங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது.

பலகையைப் பார்க்கத்தான் வந்தேன். அதற்குள் நுழைவிலேயே பள்ளிக்கூடப் படத்தில் மாட்டிக்கொண்டேன். 1940, மூன்றாம் வகுப்பு. இத்தனை வருடத்தில் அந்தப் படம் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. மொய்சிஸ் என் தோளில் கை போட்டிருக்கிறான். அவன் முன்பல் விழுந்த இடைவெளி தெரிகிறது. அதன் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து என் நோட்டை நனைப்பான். கீழே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: "மொய்சிஸ் ஸ்வோலிஸ், அவன் நண்பன் அரிஸ்திதிஸ் பலாஸ்கஸ்."

அங்கிருந்து நகர எனக்கு நேரம் பிடித்தது. ஒரு வெளிநாட்டுக்காரி தன் கைக்குட்டையை என்னிடம் நீட்டினாள். எனக்கு அவமானமாக இருந்தது. பலகை இருக்கும் அறைக்குப் போகாமலே திரும்பிவிட்டேன்.

ஆனால் கேட்கிறேன்: அப்பனை உள்ளறையில் திருடனாக்கி, மகனை வெளியறையில் நண்பனாக்கி வைத்திருக்கிறீர்களே, இது என்ன நியாயம்? ஒன்றை எடுத்துவிடுங்கள். எதை வேண்டுமானாலும்.

அ. பலாஸ்கஸ்


18 ஜனவரி 1999

அரிஸ்திதிஸ்,

உன் டிசம்பர் கடிதத்துக்குப் பதில் எழுதாமலே வைத்திருந்தேன். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது. முந்தாநாள் தெருவில் எல்லோர் முன்னாலும் உன்னை விரட்டினேன். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. காரணம் சொல்ல எழுதுகிறேன்.

காலையில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கதவு முழுக்கக் கறுப்பு பெயிண்டு. நாஜிகளின் சின்னம், அதுவும் தப்பும் தவறுமாக. அதற்குக் கீழே ஒரே வார்த்தை: "சோப்பு." போலீஸ்காரன் வந்தான், ரொட்டிக்கடை ஸ்தாவ்ரூலாவின் பையன், பார்த்திருப்பாய். "விடுங்க பாட்டி, சின்னப் பசங்க வேலை. வெள்ளை அடிச்சிடலாம்" என்றான். "சின்னப் பசங்களுக்கு அந்த வார்த்தை எங்க கிடைச்சுது?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். மேயரிடமிருந்து ஆள் வந்தான்: மந்திரி ஊருக்கு வருகிறார், அதற்குள் சுத்தம் செய்துவிட வேண்டுமாம். அப்போதுதான் நீ வந்தாய், கையில் ஒரு டப்பா தின்னரும் துணியும் வைத்துக்கொண்டு. யாரிடமும் பேசாமல் குனிந்து தேய்க்க ஆரம்பித்தாய்.

"கையை எடு! அதத் தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் ரொட்டிக்கடைக்காரர்கள் எல்லாம் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். உன் முகம் வெளிறிப்போய்விட்டது. நீ செய்தது என்று நான் சொன்னதாக நினைத்திருப்பாய். இல்லை. நீ இல்லை என்று தெரியும். உன் புகார்க் கடிதம் காப்பிக்கடை காப்பிக்கடையாகச் சுற்றியது, அதைக் கேட்டுக் குஷியானவர்கள் யாரோ. அதை நீயே யோசித்துக்கொள்.

விரட்டியது வேறு காரணத்துக்கு. துடைத்துத் துடைத்துத்தான் இந்த ஊர் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது, அரிஸ்திதிஸ். சோப்பு என்ற வார்த்தையை உன் அப்பா சொன்னதற்கு என்னைத் தவிர சாட்சி கிடையாது. கேட்டவர்களெல்லாம் "ஐயோ, அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு" என்றுதான் ஐம்பது வருடமாகச் சொன்னார்கள். இப்போது ஊரே எழுதிக் கொடுத்திருக்கிறது. அதைத் தின்னர் போட்டு அழிப்பேனா?

கதவைக் கழற்றிவிட்டேன். ஸ்தாவ்ரூலாவும் அவள் புருஷனும் தூக்கினார்கள். கதவை உள்ளறையில், பலகைக்கு எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். அட்டையும் எழுதியாகிவிட்டது: "அருங்காட்சியகத்தின் கதவு. ஜனவரி 1999. எழுதியவர் பெயர் தெரியவில்லை." தெரிந்தால் போடுவேன்.

இப்போது வாசலுக்குக் கதவு இல்லை. உள்ளூர்த் தச்சர்களுக்கு எல்லாம் திடீரென்று முதுகு வலி. அதனால் வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நானே உட்கார்ந்திருக்கிறேன். ஏரியிலிருந்து காற்று கத்தி மாதிரி வருகிறது. வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். இந்த மாதிரிக் கூட்டம் திறப்பு விழாவுக்குக்கூட இல்லை.

நீ டிசம்பரில் கேட்டதற்கும் பதில். அப்பனா மகனா, ஒன்றை எடு என்கிறாய். மாட்டேன். இரண்டும் நடந்தது.

ஸஃபீரா


6 பிப்ரவரி 1999

ஸஃபீரா அம்மையாருக்கு,

நேற்று நகரசபைக் கூட்டத்தில் நடந்ததை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், கூட்டியோ குறைத்தோ. என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. என் அக்கா வாசோ, வோலோஸ் நகரத்தில் இருக்கிறாள். எழுபத்து மூன்று வயது. உங்கள் ஜனவரிக் கடிதத்துக்குப் பிறகு அவளுக்குப் போன் செய்தேன். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, "அக்கா, அந்த யூதப் பொண்ணுக்கு அம்மா ஒரு கோட்டு குடுத்தாளே, அது யாரோடது?" என்று கேட்டேன். "யாரோடதுன்னா? அவங்க வீட்டோடதுதான். பீரோ நெறைய வந்துச்சேடா. அதுல ரெண்டு கோட்டு இருந்துச்சு. நீலத்த நான் கல்யாணம் வரைக்கும் போட்டிருந்தேன். உனக்கு மறந்துபோச்சா?" என்றாள். சர்க்கரை விலையைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். நான் ரிசீவரை வைத்துவிட்டேன். அப்புறம் அவள் போன் செய்தபோது எடுக்கவில்லை.

நேற்று கூட்டத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கட்டடத்துக்குக் கதவு இல்லை, பாதுகாப்பு இல்லை, ஆகவே தற்காலிகமாக மூட வேண்டும் என்று தீர்மானம். மேயர் எழுந்தார். "யாரையும் குத்தம் சொல்லல. ஊர் அமைதிக்காகத்தான். பலாஸ்கஸ் மாதிரி கண்ணியமான குடும்பத்துக்கே மனசு நொந்துபோச்சுன்னா, நாமளும் யோசிக்கணுமா வேண்டாமா?" என்றார். பிறகு என் கடிதத்தை எடுத்து வாசித்தார். முழுவதையும். என் வார்த்தைகளை இன்னொருவர் வாயில் கேட்க எனக்குக் காது கூசியது. "எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது" என்ற இடத்தில் கை தட்டினார்கள்.

எழுந்தேன்.

"அந்தக் கடிதாசியக் குடுங்க" என்றேன்.

"இது சபைக்கு வந்த ஆவணம், அரிஸ்."

"அந்தம்மாவுக்கு எழுதினேன். உங்களுக்கு வந்தது நகல். சரி, வச்சுக்குங்க. அதுக்குக் கீழ இதையும் எழுதிக்குங்க: எங்கப்பா பறிச்சுக்கிட்டார். கடையையும் வீட்டையும் பீரோவையும். அட்டையில சரியான வார்த்தைதான் போட்டிருக்கு."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "வயசானா புத்தி கெட்டுடும்போல!" என்று கத்தினான். "புத்தி இப்பத்தான்டா வந்திருக்கு" என்றேன். என் மகன் அங்கேயே இருந்தான். எழுந்து வெளியே போய்விட்டான். தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடாமலே மேயர் கூட்டத்தை முடித்துவிட்டார்.

மகன் இன்னும் பேசவில்லை. மருமகள்தான் காப்பி கொண்டுவந்து வைத்தாள். இதை நன்றிக்காக எழுதவில்லை.

அரிஸ்திதிஸ்


9 பிப்ரவரி 1999

அரிஸ்திதிஸ்,

நன்றி சொல்லமாட்டேன். உண்மையைச் சொன்னதற்கெல்லாம் நன்றி சொல்ல ஆரம்பித்தால், சொல்லாமல் இருப்பதுதான் வழக்கம் என்று ஆகிவிடும்.

அந்த நீலக் கோட்டு அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு வாங்கியது. அது என்ன ஆயிற்று என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. உன் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதியதற்கு... சரி, எழுதினாய். படித்தேன்.

பக்கத்து ஊர்த் தச்சர் ஒருவர் தாமாக வந்து புதுக் கதவு போட்டுக் கொடுத்துவிட்டார். வாசலில் உட்கார்ந்ததில் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கும் ஒரு வேலை வந்து சேர்ந்தது: தலைமையாசிரியை துணிந்துவிட்டாள். நகரசபை என்ன சொன்னாலும் சரி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். "வேலை போனா உங்க ஜெபக்கூடத்துல பெருக்குற வேலை குடுங்க" என்று சிரித்தாள். சிரிப்பு நடுங்கிற்று.

முதலறையில் நான் பேசிவிடுவேன். உள்ளறைக்குள் போகும்போது குரல் போய்விடும். பலகைக்குப் பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். நீ வா. என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். கேட்டுக்கொண்டும் நிற்க மாட்டேன். விருப்பம் இல்லையென்றால் வராதே, பலகை தானாகவே பேசும். ஆனால் வருவதானால் தொப்பியைக் கழற்றிவிட்டு வா. பஸ் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

ஸஃபீரா


21 பிப்ரவரி 1999

ஸஃபீரா,

வெள்ளிக்கிழமை காப்பி குடிக்காமல் ஓடிவிட்டேன் என்று கோபித்திருப்பீர்கள். நீங்கள் வெளியறையில் இருந்தீர்கள், உள்ளே நடந்ததைச் சொல்கிறேன்.

வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்தேன். பஞ்சம், ஜெர்மானியர், கமிட்டி, எல்லாம் அதில் இருந்தது. குழந்தைகள் உள்ளே வந்து அரைவட்டமாக நின்றதும் ஒன்றும் வரவில்லை. பலகையை முதன்முதலாக அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். உங்கள் அப்பாவின் எழுத்து எவ்வளவு அழகு! கைதேர்ந்த ஆள் வைத்து எழுதியிருக்கிறார். எங்கள் அப்பா பெயர் அதன்மேல் அவசரமாக, வாலில் சறுக்கிக்கொண்டு போகிறது.

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் அட்டையைச் சத்தமாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, இந்த லாம்ப்ரோஸ் பலாஸ்கஸ் யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

"எங்கப்பா."

டீச்சர் முன்னால் வர முயன்றாள், நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"நெஜமாவே பறிச்சாரா?"

"ஆமா."

"வேற யாராச்சும் இருந்தா சொல்லியிருக்க மாட்டாங்க" என்றான் பின்னாலிருந்து ஒருவன். அந்தப் பெண் விடவில்லை. "உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்றாள். குத்துவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"வெக்கமாத்தாம்மா இருக்கு. அதனாலதான் வந்து நிக்கிறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது. நான் தயார் செய்தது இல்லை, வேறு. மொய்சிஸைப் பற்றி, பல் இடைவெளி வழியாக அவன் தண்ணீர் அடித்ததைப் பற்றி. அவன் லாரியில் ஏறிய அன்று எங்கள் வீட்டு ஜன்னலை அம்மா சாத்திவிட்டதைப் பற்றி. எதிரே அந்தக் கதவு. அதில் எழுதியிருந்ததைப் படித்த ஒரு பையன், "இது என்ன அர்த்தம்?" என்று கேட்டான். அதையும் சொன்னேன், யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்பதையும். நீங்கள் சொன்னதை நான் நம்புகிறேன், ஸஃபீரா. அதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அன்று இரவே என் மகன் என் அறைக்கு வந்தான். "எங்க தாத்தாவ ஊர்க் குழந்தைங்க முன்னால அசிங்கப்படுத்திட்டீங்க" என்றான். "நான் படுத்தல" என்றேன். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். திமித்ரா மட்டும், அடுத்த முறை தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த முறை உண்டா? உண்டென்றால் சொல்லுங்கள்.

அரிஸ்


24 பிப்ரவரி 1999

அரிஸ்,

இரண்டு செய்தி. தலைமையாசிரியைக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. "விளக்கம் வேணும்னா உள்ளறைக்கு வாங்கன்னு பதில் போட்டேன்" என்கிறாள். இன்னும் மூன்று பள்ளிகள் நாள் கேட்டிருக்கின்றன. அதில் ஒன்று மலைமேல், பால்காரியின் ஊரிலிருந்து.

நேற்று யாரோ ஜன்னலில் கல் எறிந்திருக்கிறார்கள். கண்ணாடி தூள். கல்லை எடுத்துக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அதற்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். இந்த வேகத்தில் போனால் எனக்கு மூன்றாவதாக ஓர் அறை கட்ட வேண்டி வரும். கட்டுவேன்.

உன்னிடம் ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. அதை என்னிடம் கேட்கவும் கேட்காதே, மன்னிக்க வேண்டியவர்கள் யாரும் உயிரோடு இல்லை. உன்னிடம் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அது இருக்கிற இடம் தெரியவில்லை, தேடவும் நேரமில்லை.

ஆகவே வேலையைப் பார்ப்போம். வியாழக்கிழமை மலைப் பள்ளிக் குழந்தைகள் வருகிறார்கள். நீ சீக்கிரமாக வந்துவிடு. திமித்ராவையும் கூட்டிக்கொண்டு வா. உள்ளறையில் கண்ணாடித்தூள் இன்னும் கிடக்கிறது, குழந்தைகள் காலில் குத்திவிடும். நீங்கள் இரண்டு பேரும் பெருக்குங்கள். நான் வாசலில் நிற்கிறேன். கல்லோடு யாராவது வந்தால் பார்த்துக்கொள்கிறேன்.

ஸஃபீரா